இறைச்சி பாதுகாப்பானதா என்ற தகவலுக்குக் காசு கொடுப்போமா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்தையில் இறைச்சிக்கு நிற்பவரிடம் போய், "இந்தக் கோழி எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எத்தனை மணிக்கு வெட்டினது, யார் பரிசோதித்தது என்று எழுதித் தந்தால் கிலோவுக்கு எவ்வளவு கூடத் தருவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வருமுன் நாலு கேள்வி திரும்பி வரும். திருநெல்வேலி, சுன்னாகம், சாவகச்சேரிப் பக்கம் அப்படித் திரும்பி வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில வாங்குகிறவர்களுடையவை, சில விற்கிறவர்களுடையவை. பதில்கள் விவசாயப் பொருளியல் பக்கம் நின்று சொல்பவை. ஆனால் நானும் ஞாயிற்றுக்கிழமை பையோடு வரிசையில் நிற்கிற ஆள்தான்.

எவ்வளவு கூடத் தருவீர்கள் என்று கேட்பது விலையை ஏற்றத்தானே?

சந்தேகம் நியாயமானது. ஆனால் கேள்வியின் நோக்கம் வேறு. பரிசோதனை, குளிரூட்டல், பொதி செய்தல், பதிவு வைத்தல் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைவிடக் கூடுதலான தொகையை வாங்குகிறவர்கள் தரத் தயாராக இருந்தால் வியாபாரியே அதைச் செய்வார், யாரும் கட்டாயப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் தரும் தொகை செலவுக்குக் காணாது என்றால், ஒன்றில் அரசாங்கம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள். எது நடக்கும் என்று முன்கூட்டியே அறியத்தான் ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கேட்கிறார்கள்.

கணக்குக்கு ஒரு விலையை வைத்துக்கொள்வோம். சாதாரணக் கோழி கிலோ 1,200 ரூபா. தகவலோடு வரும் கோழி 1,350 வரை இருந்தால் அதை வாங்குவீர்கள், 1,360 என்றால் "வேண்டாம், பழையதையே தாங்கோ" என்பீர்கள். அப்படியானால் அந்தத் தகவல் உங்களுக்கு 150 ரூபா பெறுமதி. பக்கத்தில் நிற்பவருக்கு அது 20 ரூபாவாக இருக்கலாம், இன்னொருவருக்குச் சுழியம். கடையில் போடும் விலை இந்தத் தொகைகளில் இருந்து மட்டும் வருவதில்லை. போட்டியும் செலவும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கும்.

இங்கே யார் லேபிள் பார்த்து இறைச்சி வாங்குகிறார்கள்?

லேபிள் பார்ப்பதில்லை. ஆனால் தகவலுக்குக் காசு கொடுக்காத ஆள் யாழ்ப்பாணத்தில் குறைவு என்பதுதான் என் எண்ணம்.

ஆட்டிறைச்சிக் கடையில் தொங்குகிற உடலைக் கவனியுங்கள். தோல் முழுக்க உரித்தாயிற்று. ஆனால் விதையை மட்டும் வெட்டாமல் விட்டிருப்பார்கள், சில இடங்களில் வால் நுனியையும். தொங்குவது கிடாய், மறியல்ல என்று காட்டத்தான். வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல் கடைக்காரர் கொடுக்கும் சான்று அது. வாங்குகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் "தொடையில் ஒரு கிலோ போடுங்கோ அண்ணை" என்கிறார். கொல்களத்தில் குத்தின மை முத்திரையும் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் அதைத் திருப்பிப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

கோழியில் இது இன்னும் தெளிவு. ஏற்கெனவே வெட்டி வைத்த கோழி மேசையில் இருக்கும்போதே "கூட்டில் நிற்கிறதைப் பிடித்து என் கண்முன்னால் உரித்துத் தாருங்கோ" என்று சொல்லி இருபது நிமிடம் காத்து நிற்கிறோம். அந்த இருபது நிமிடம் ஒரு விலை. வீட்டுக்குப் பக்கத்தில் கடை இருக்க, தகப்பன் காலத்தில் இருந்து தெரிந்த கடைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். அந்தப் பெற்றோல் ஒரு விலை. வெள்ளிக்கிழமை அரைவாசி ஊர் மச்சம் சமைக்காது, ஆகவே மிஞ்சிய இறைச்சி சனிக்கிழமை வரும் என்று பயந்து ஞாயிறு விடியவே போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய நித்திரையும் கணக்கில் வரவேண்டும்.

இவை எல்லாமே பாதுகாப்புக்காகவும் புதுமைக்காகவும் நாங்கள் கட்டுகிற தொகைதான். ரூபாவாகப் பட்டியலில் வராததால் கண்ணில் படுவதில்லை.

அப்படியென்றால் கண்ணால் பார்த்து வாங்குவதே போதுமே?

போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பொருளியலில் ஒரு பொருளின் குணங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வாங்குமுன் பார்த்தே அறியக்கூடியவை: நிறம், கொழுப்பு, எலும்பின் அளவு. வாங்கிச் சாப்பிட்டால் தெரிபவை: ருசி, மெது. சாப்பிட்ட பிறகும் தெரியாதவை மூன்றாவது வகை. இந்த மூன்றாவது வகை 1973 இல்தான் பொருளியலில் தனியாகப் பேசப்பட்டது. இறைச்சியின் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த மூன்றாவது பெட்டிக்குள் கிடக்கிறது.

மணம் வந்தால் பழுது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் மணத்தைக் கொடுக்கும் கிருமிகள் வேறு, வருத்தத்தைக் கொடுக்கும் கிருமிகள் வேறு. சல்மொனெல்லா என்ற வயிற்றோட்டக் கிருமி இருக்கும் கோழி மணக்காது, நிறம் மாறாது. கோழிக்குக் கொடுத்த அன்ரிபயோற்றிக் மருந்தின் மிச்சம் இறைச்சியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது, சமைத்தால் முழுதாகப் போய்விடும் என்றும் நம்பமுடியாது.

இன்னொரு சிக்கல் நேரம். சல்மொனெல்லா 6 மணித்தியாலம் முதல் 3 நாள் வரைக்குள் வேலையைக் காட்டும். கம்பைலோபக்டர் என்ற இன்னொரு கிருமி பெரும்பாலும் 2 முதல் 5 நாள் எடுக்கும். ஞாயிறு மத்தியானம் சாப்பிட்ட கோழிக்குப் புதன்கிழமை வயிற்றோட்டம் வந்தால் யார் கோழியை நினைக்கிறார்கள்? செவ்வாய் இரவு கடையில் வாங்கின இடியப்பச் சம்பலுக்குத்தான் பழி விழும். தவறு செய்த கடை தப்பிவிடும், தவறே செய்யாத கடை வாடிக்கையை இழக்கும். அனுபவத்தால் பாடம் படிக்கிற வழி இங்கே அடைபட்டுப் போகிறது.

வாங்குகிறவருக்கு நல்லதையும் கெட்டதையும் பிரிக்கத் தெரியாத சந்தையில் நல்லதைக் கொண்டுவருபவர் மெல்ல மெல்ல விலகிவிடுவார் என்று 1970 இல் ஜோர்ஜ் அக்கர்லோவ் பழைய கார் வியாபாரத்தை வைத்துக் காட்டினார். 2001 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. குளிர்ப்பெட்டிக்குக் கரண்ட் பில் கட்டுகிற இறைச்சிக் கடைக்காரர், கட்டாதவரோடு ஒரே விலையில் போட்டி போடும் நிலையும் அதுதான்.

ஊர்க்கோழி என்றால் பயமில்லைதானே?

ஊர்க்கோழிக்குக் கொடுக்கிற மேலதிக விலையில் ருசிக்கு ஒரு பங்கு, நம்பிக்கைக்கு ஒரு பங்கு. ருசி பற்றி எனக்கு வாதமில்லை. நம்பிக்கையின் பெரும்பகுதி "புறொய்லருக்கு ஊசி போட்டு ஊதவைக்கிறார்கள்" என்ற கதையில் நிற்கிறது. கோழிக்கு வளர்ச்சி ஹோர்மோன் ஊசி போடுவது உலகில் எங்கும் வழக்கமான பண்ணை முறையல்ல. ஆயிரக்கணக்கான கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போடக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு கிழமையில் அந்த எடை வருவது இனவிருத்தியாலும் தீனியாலும்தான். தடுப்பூசி போடுவார்கள், அது வேறு விஷயம்.

கேட்க வேண்டிய உண்மையான கேள்வி அன்ரிபயோற்றிக் பற்றியது. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் விட்டு வெட்டினார்கள்? சுகமான விலங்குகளுக்கு வளர்ச்சிக்காகவும் நோய் வராமல் தடுக்கவும் வழக்கமாக அன்ரிபயோற்றிக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லி 2017 இல் உலக சுகாதார அமைப்பு பரிந்துரைத்தது. ஊர்க்கோழிக்கு இந்த மருந்து குறைவாகத்தான் போகும். அதே நேரம் குப்பை கிளறித் திரியும் கோழியிலும் சல்மொனெல்லா இருக்கலாம், அதற்கு எந்தப் பதிவும் இல்லை. அதிக விலை கொடுத்தும் கையில் தகவல் பூச்சியம்.

சனத்திடம் கேட்டால் உண்மையான தொகையைச் சொல்லுவார்களா?

நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்லுவார்கள். வாயால் சொல்லும் தொகைக்கும் பொக்கற்றில் இருந்து எடுக்கும் தொகைக்கும் உள்ள இடைவெளி பற்றி நிறைய ஆய்வு நடந்திருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2001 ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சராசரியாகச் சொல் செயலைவிடச் சுமார் 3 மடங்கு என்றது. 2005 இல் வந்த இன்னொரு தொகுப்பு, முடிவுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதில் அது 1.35 மடங்குதான் என்றது. எந்த அளவு என்பதில் சண்டை இருக்கிறது, எந்தத் திசை என்பதில் இல்லை.

எங்கள் ஊரில் இதற்கு இன்னும் ஒரு காரணம் உண்டு. கம்பஸ் பிள்ளை வெயிலில் படிவத்தோடு நிற்கிறது, பாவம், படிப்புக்குக் கேட்குது, நல்லதாய்ச் சொல்லிவிடுவோம் என்று 300 ரூபா என்பார்கள். இன்னொருவர் இதை எழுதிக்கொண்டு போய் விலை ஏற்றப்போகிறார்கள் என்று பயந்து ஒரு சதமும் தரமாட்டேன் என்பார். இரண்டுமே அவர்களுடைய உண்மையான தொகை கிடையாது. சந்தையில் வாங்குகிறவர் ஐயா, வீட்டில் வெட்டிக் கழுவிச் சமைக்கிறவர் அம்மா என்றால் யாருடைய பதிலை எழுதுவது என்ற கேள்வியும் இருக்கிறது. படிவங்கள் பெரும்பாலும் ஐயாவின் பதிலோடு முடிந்துவிடும்.

ஆகவே சுற்றி வளைத்துக் கேட்கும் முறைகள் வந்தன. ஒன்று தெரிவு அட்டை. ஒரு பக்கற் 1,200 ரூபா, தகவல் எதுவுமில்லை. இரண்டாவது 1,300 ரூபா, வெட்டின நாளும் நேரமும் இருக்கும். மூன்றாவது 1,450 ரூபா, பண்ணையின் பெயரும் கால்நடை வைத்தியரின் ஒப்பமும் சேர்ந்து இருக்கும். அல்லது ஒன்றுமே வாங்காமல் போகலாம். இப்படி விலையும் தகவலும் மாறி மாறி வரும் அட்டைகளை வரிசையாகக் காட்டித் தெரிவுசெய்யச் சொல்வார்கள். தகவல் ஒவ்வொன்றும் எத்தனை ரூபா விலையேற்றத்தைத் தாங்குகிறது என்பதைப் பதில்களில் இருந்து கணித்துவிடலாம்.

மற்றது உண்மையான காசோடு நடத்தும் ஏலம். எனக்குப் பிடித்தது 1964 இல் வந்த ஒரு முறை. முதலில் ஒரு கிலோ சாதாரணக் கோழியை உங்கள் கையில் தந்துவிடுவார்கள். பக்கத்தில் சான்றோடு இன்னொரு பக்கற் இருக்கும். மாற்றிக்கொள்ள அதிகபட்சம் எவ்வளவு தருவீர்கள் என்று ஒரு துண்டில் எழுதவேண்டும். பிறகு ஒரு பெட்டிக்குள் இருந்து விலைச்சீட்டு எடுப்பார்கள். நீங்கள் எழுதியது 100, சீட்டில் வந்தது 60 என்றால் 60 ரூபாவைக் கொடுத்து மாற்றியே ஆகவேண்டும். 140 வந்தால் மாற்றம் இல்லை, பழைய கோழியோடு வீட்டுக்குப் போகலாம்.

இதில் கெட்டித்தனம் காட்டமுடியாது. மனதில் 100 இருக்க 50 என்று குறைத்து எழுதினால், 60 ரூபாவுக்குக் கிடைத்திருக்கக்கூடியது கைவிட்டுப் போகும். பெருமைக்கு 200 என்று எழுதினால், 140 ரூபா கட்டி 100 ரூபாப் பெறுமதியான பொருளை வாங்கும் நிலை வரும். மனதில் இருப்பதை எழுதுகிறவருக்குத்தான் நட்டமில்லை. சந்தை வாசலில் இதை விளங்கப்படுத்தக் கொஞ்சம் பாடுபட வேண்டும், ஆனால் சீட்டுப் பிடித்துப் பழகின எங்கள் சனத்துக்கு இரண்டாவது சுற்றில் பிடிபட்டுவிடும்.

வெளிநாடுகளில் என்ன கண்டுபிடித்தார்கள்?

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்து 1995 இல் வெளியான ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் சொல்வது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சாண்ட்விச்சைக் கொடுத்து, கிருமிக்காக இறுக்கமாகப் பரிசோதித்த இன்னொன்றுக்கு மாற்ற எவ்வளவு தருவீர்கள் என்று உண்மையான காசோடு ஏலம் நடத்தினார்கள். சராசரி ஆள் ஒரு வேளைக்குச் சுமார் 70 அமெரிக்கச் சதம் கொடுக்கத் தயாராக இருந்தார். அதைவிடச் சுவாரசியமானது இன்னொரு முடிவு. எந்தக் கிருமி, ஆபத்து எவ்வளவு என்று மாற்றி மாற்றிச் சொன்னாலும் சனம் கொடுக்கும் தொகை அதற்கேற்றபடி பெரிதாக ஏறி இறங்கவில்லை. குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு என்று கொடுக்கவில்லை, "பயமில்லாமல் சாப்பிடலாம்" என்ற பொதுவான ஆறுதலுக்கே கொடுத்தார்கள் என்று தோன்றுகிறது.

யூட்டா மாநிலத்தில் மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் வைத்து நடந்து 2002 இல் முடிவு வெளியான ஏலத்தில், இறைச்சி எந்தப் பண்ணையில் இருந்து வந்தது என்ற தடத்துக்குக் கொஞ்சம் கொடுத்தார்கள். கூடுதல் பாதுகாப்பு உறுதிக்கும், விலங்கை வதைக்காமல் வளர்த்ததற்கும் அதைவிடக் கூடக் கொடுத்தார்கள். பண்ணையின் பெயர் தெரிந்து என்ன செய்வது, அந்தப் பண்ணைக்காரர் எதற்குப் பொறுப்பு என்று சொல்லுங்கள் என்பதே அதன் அர்த்தமாக எனக்குப் படுகிறது.

யப்பானில் 2001 செப்டெம்பரில் முதலாவது விசர்மாட்டு நோய் தெரியவந்தது. 2003 இல் சட்டம் போட்டு ஒவ்வொரு மாட்டுக்கும் பத்து இலக்க எண் கொடுத்தார்கள். அந்த எண் அங்கே கடைப் பக்கற்றிலும் இருக்கும். அதற்குக் கூடக் கொடுப்பீர்களா என்று யாரையும் கேட்டு அவர்கள் தொடங்கவில்லை. சந்தையே விழுந்துவிடும் என்ற பயத்தில் தொடங்கினார்கள்.

முகநூலில் ஒரு வதந்தி வந்தால் சனம் இறைச்சியையே விட்டுவிடுகிறது. நல்ல தகவலை மட்டும் ஏன் நம்புவதில்லை?

கெட்ட செய்திக்குப் பாரம் கூட. கதிர்வீச்சால் கிருமி நீக்கிய பன்றி இறைச்சி பற்றி 2002 இல் வெளியான ஒரு ஏல ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. நல்ல விளக்கத்தை மட்டும் கொடுத்தபோது ஏலத்தில் கேட்ட தொகை ஏறியது, கெட்டதை மட்டும் கொடுத்தபோது இறங்கியது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோதும் இறங்கியது. கெட்ட விளக்கம் அறிவியல் முறையில் எழுதப்படாததாக இருந்தும் இறங்கியது.

இங்கே 2020 இல் வடமாகாணத்தில் மாடுகளுக்குத் தோல்கழலை நோய் வந்தது. 2024 இறுதியில் நாட்டில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. இரண்டுமே மனிதரைத் தொற்றுவதில்லை. வளர்ப்பவருக்குப் பேரிழப்பு, சாப்பிடுகிறவருக்கு அந்தக் கிருமியால் ஆபத்தில்லை. நோயுற்ற விலங்கின் இறைச்சி விற்பனைக்கு வரக்கூடாது என்பது வேறு விஷயம். இந்த வித்தியாசத்தை முதல் நாளே, முதல் அறிவித்தலிலேயே சொல்லவேண்டும். பிந்திச் சொன்னால் எடுபடாது.

பாதுகாப்பான இறைச்சி தருவது அரசாங்கத்தின் வேலை. அதற்கு நான் ஏன் தனியாகக் காசு கட்டவேண்டும்?

அடிப்படைப் பாதுகாப்புக்குக் கட்டக்கூடாது. இதில் நான் உங்கள் பக்கம்.

மனிதப் பாவனைக்கு உதவாத உணவை விற்பது 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டப்படி குற்றம். இறைச்சி வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1893 இல் இருந்தே இருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர், அதுதான் நாங்கள் பீ.எச்.ஐ. என்று கூப்பிடுகிறவர், கடைக்குள் வந்து பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், பொருளைக் கைப்பற்றலாம். இவற்றுக்கான செலவு எங்கள் வரியில் இருந்து போகிறது. "சுத்தமான இறைச்சி வேண்டுமா, 100 ரூபா கூட" என்று ஒரு கடை சொன்னால், மற்ற இறைச்சி என்ன என்று கேட்கவேண்டி வரும்.

சட்டம் கேட்பதற்கு மேலே போகிற விஷயங்களுக்குக் கூடக் கேட்கலாம். பண்ணையின் மருந்துப் பதிவு, வெட்டினதில் இருந்து விற்கும்வரை குளிரில் வைத்த சான்று, சுயாதீன ஆய்வுகூடப் பரிசோதனை போன்றவை. இந்தக் கோட்டைத் தெளிவாகப் போடாத எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்கமாட்டேன்.

நான் இறைச்சிக் கடை நடத்துகிறேன். தகவல் பலகை போட்டால் கட்டுப்படியாகுமா?

எந்தத் தகவல் என்பதைப் பொறுத்தது. ஆய்வுகூடச் சான்று ஒற்றைக் கடைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் வெண்பலகை ஒன்றும் மார்க்கர் பேனா ஒன்றும் பெரிய செலவில்லை. வெட்டின நேரம், எந்தக் கொல்களம், அனுமதிப்பத்திர எண், இந்த மூன்றையும் எழுதுங்கள். குளிர்ப்பெட்டி இருந்தால் வெப்பமானியை வாங்குகிறவரின் பக்கம் பார்க்க வையுங்கள். 5 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் அதுவே உங்கள் விளம்பரம்.

நேரம் எழுதுவதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். எங்கள் வெயிலில் அதற்குத்தான் பெறுமதி. 5 முதல் 60 பாகை வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். வாய்ப்பான சூழலில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும், அந்த வேகத்தில் 3 மணித்தியாலத்தில் ஒன்று 512 ஆகும். காலை 6 மணிக்கு வெட்டியதைப் பகல் 11 மணிக்கு வெளியே தொங்கவிட்டு விற்பவரோடு நீங்கள் ஒரே விலையில் நிற்கவேண்டியதில்லை.

பலகையில் பொய் எழுதலாமே என்று கேட்பீர்கள். எழுதலாம். ஆனால் உங்கள் வாடிக்கையாளர் உங்கள் வீடு எது, பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று அறிந்தவர். சுப்பர் மார்க்கெட் லேபிளுக்கு இல்லாத பலம் உங்கள் பலகைக்கு இருப்பது அதனால்தான்: பிழைத்தால் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது என்று தெரியும்.

மரக்குற்றி பற்றியும் ஒரு சொல். கோழிக்கும் ஆட்டுக்கும் ஒரே புளியங்குற்றியும் ஒரே கத்தியும் என்றால் பலகையில் எதை எழுதியும் பயனில்லை. கூட்டில் இருந்து பிடித்துக் கண்முன்னால் உரித்த கோழியும் அந்தக் குற்றியில் வைத்தவுடன் முந்தின பத்துக் கோழியின் கிருமியையும் வாங்கிக்கொள்ளும்.

கியூஆர் குறி ஒட்டினால் என்ன?

ஸ்கான் செய்தால் வரும் பக்கத்தில் உண்மையான தகவல் இருந்து, அதை யாராவது நாளாந்தம் புதுப்பித்தால் நல்லது. பெரும்பாலும் நிறுவனத்தின் விளம்பரப் பக்கம்தான் திறக்கும். அதற்கு ஒரு ரூபாவும் கூடக் கொடுக்கவேண்டாம்.

ஹலால் சான்று இருந்தால் பாதுகாப்பும் உறுதிதானே?

அறுக்கும் முறை, சேர்க்கக்கூடாத பொருட்கள் பற்றிய சான்று அது. துப்புரவு பற்றிய எதிர்பார்ப்பும் அதற்குள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பக்கற்றிலும் கிருமி பார்த்துக் கொடுப்பதில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

தீபாவளிக்குப் பங்கு போடுகிறோமே, அதில் என்ன பிழை?

ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி, வளவுக்குள் அடித்து, ஈரல் முதல் எலும்பு வரை எல்லாப் பங்கிலும் சரிசமமாக வைத்துப் பிரிக்கிறது. தகவல் என்ற கண்ணால் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. யார் வளர்த்த ஆடு, என்ன தின்றது, எப்போது அடித்தது எல்லாம் தெரியும். கடை விலையைவிடக் கொஞ்சம் கூடினாலும் சனம் பங்கைத்தான் கேட்கிறது என்றால் காரணம் இதுதான்.

இல்லாதது ஒன்று: அடிக்குமுன் ஆட்டையும் அடித்தபின் ஈரல், நுரையீரலையும் பார்க்கத் தெரிந்த ஒருவர். தெரிந்தவர் வளர்த்த ஆட்டுக்கும் வருத்தம் வரும். சட்டப்படி பார்த்தாலும் அனுமதி பெற்ற இடத்துக்கு வெளியே அடித்து விற்பது சிக்கல். குறைந்தது முதல் நாள் கால்நடை வைத்திய அதிகாரியிடம் ஆட்டைக் காட்டலாம். பங்குப் பணத்தில் ஆளுக்குச் சிறு தொகை கூடும், அவ்வளவுதான்.

காசில்லாதவர் என்ன செய்வது?

இந்தத் துறையின் சங்கடமான இடம் இது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த நேரத்தில் கிலோ வாங்கினவர் அரைக்கிலோ வாங்கினார், அரைக்கிலோ வாங்கினவர் முட்டைக்குப் போனார். அவரிடம் சான்றுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டால் சுழியம் என்றுதான் வரும். அவருக்குப் பாதுகாப்பில் அக்கறை இல்லை என்று அதற்கு அர்த்தமாகாது. கொடுக்க விரும்பும் தொகை என்பது விருப்பத்தையும் பொக்கற்றையும் சேர்த்தே அளக்கிறது. அந்தத் தொகையை மட்டும் வைத்துக் கொள்கை வகுத்தால், பாதுகாப்பான இறைச்சி வெளிநாட்டுக் காசு வரும் வீடுகளுக்கும், மிச்சம் மற்றவர்களுக்கும் போகும். முன்பு சொன்ன அடிப்படைப் பாதுகாப்புக் கோடு இதற்காகத்தான்.

வெளிநாட்டுக் காசு பற்றி ஒரு இடைச்செருகல். ஆடியிலும் ஆவணியிலும் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வருகிறவர்கள் கடையில் திகதியைத் தேடுவார்கள், எங்களவர் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு இடமே இல்லை. அவர்கள் கேட்பதால்தான் சில கடைகள் பக்கற்றில் போட்டுத் திகதி ஒட்டத் தொடங்கியிருக்கின்றன.

உறைந்த கோழியா, உடன் கோழியா?

ஒழுங்காக -18 பாகையில் இருந்து வந்தது என்றால் உறைந்தது பயப்பட ஒன்றுமில்லை. கேள்வி அந்த "ஒழுங்காக" என்ற இடத்தில்தான். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களை நினைத்தால் விளங்கும். பக்கற்றுக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால், இறைச்சி ஒன்றோடொன்று கோணலாக ஒட்டி உறைந்திருந்தால், ஒருமுறை இளகித் திரும்ப உறைந்திருக்கலாம். வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரு சதமும் கூடக் கொடுக்காமல் வீட்டில் என்ன செய்யலாம்?

இறைச்சியைச் சந்தைச் சுற்றின் கடைசியில் வாங்குங்கள். முதலில் வாங்கிச் சொப்பின் பையில் தொங்கவிட்டுக்கொண்டு மரக்கறிக்கும் தேங்காய்க்கும் அலைவதுதான் பலர் செய்வது. வீட்டில் பிறிட்ஜின் கீழ்த் தட்டில், கசியாத பாத்திரத்தில் வையுங்கள்.

ஓடும் பைப்பின் கீழ் கோழியைக் கழுவினால் துளிகள் பக்கத்துச் சலாதுக்கும் பாத்திரத்துக்கும் தெறிக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று தண்ணீர் கழுவாமல் அம்மா விடமாட்டா என்பது எனக்கும் தெரியும். அப்படியென்றால் பெரிய சட்டிக்குள் வைத்து மெதுவாகக் கழுவி, தொட்டியையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்த அளவு மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்று நம்பவேண்டாம். கொல்வது சூடு: கோழியின் நடுப்பகுதி 74 பாகைக்கு வரவேண்டும். எங்கள் ஆட்டுக்கறி ஒரு மணித்தியாலம் கொதிப்பதால் அதில் கவலை குறைவு. அவசரமாகப் பொரிக்கிற கோழித் துண்டில்தான் எலும்போடு சிவப்பு நிற்கும்.

பழுதான இறைச்சி கிடைத்தால் யாரிடம் சொல்வது?

உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ப் பீ.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள். விலை, திகதி, லேபிள் மோசடி என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். இறைச்சியைக் கோபத்தில் நாய்க்குப் போட்டுவிட்டுப் போகவேண்டாம். மூடிக் கட்டிக் குளிரில் வைத்து, வாங்கின நேரத்தையும் கடையையும் ஒரு துண்டில் எழுதி, பில் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பில் தராத கடை என்றால் அடுத்தமுறை காசு கொடுக்குமுன் பில்லைக் கேளுங்கள்.